பிணைப் பிள்ளைகளும் பாராமகாலும்

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு எங்கள் ஜவ்வாது மலைப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலையடியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நின்றுவிட்டாள். பீடத்தில் செதுக்கிய இரண்டு சிறுவர்களைக் காட்டி, "சார், இவங்கள ஏன் ஒப்படைக்கிறாங்க?" என்றாள்.

அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது.

1738இல் லண்டனில் பிறந்த சார்லஸ் காரன்வாலிஸ் பதின்ம வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்தவர். 1760இல் நாடாளுமன்ற உறுப்பினர். இரண்டே ஆண்டில் தந்தை இறக்க, பிரபுப் பட்டமும் மேலவை இருக்கையும் வந்தன. 1781இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனின் படையிடம் சரணடைந்தார். ஐந்தே ஆண்டில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் இறங்கினார்.

மைசூரை ஆண்ட திப்பு சுல்தானோடு நடந்த போரில், 1791 பிப்ரவரியில் அவர் படை வேலூருக்கு வந்தது. திப்பு ஆம்பூர்ப் பாதையைக் கவனிக்கட்டும் என்று அந்தப் பக்கம் ஒரு பிரிவை நகர்த்திக் காட்டிவிட்டு, சித்தூர்ப் பக்கத்து மொகிலி கணவாய் வழியே மேலேறினார். மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை: திப்பு தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டும். பணம் வந்து சேரும்வரை அவருடைய இரண்டு மகன்கள் பிணை. மூத்தவனுக்கே பத்து வயதுதான் இருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். எங்கள் மலைக்கு மேற்கே தெரியும் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் அதில் அடக்கம். மக்கள் மொழி தெரிந்தவர் வேண்டும் என்று ராணுவ அதிகாரியான அலெக்சாண்டர் ரீடை காரன்வாலிஸே அங்கே அமர்த்தினார். ரீடுக்கு உதவியாக வந்தவர் தாமஸ் மன்றோ. வங்காளத்தில் 1793இல் ஜமீன்தார்களுக்கு நிலத்தை நிரந்தரமாக எழுதிக்கொடுத்தார் காரன்வாலிஸ். அவர் அனுப்பியவர்களோ இங்கே வயல் வயலாக அளந்து, உழவர் பெயரிலேயே தீர்வை போட்டார்கள். ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவானது. ஆலங்காயத்தில் என் அப்பாவின் தகரப்பெட்டியிலிருக்கும் பட்டாவுக்கு அதுவே வேர்.

"அந்தப் பசங்க வீட்டுக்குப் போனாங்களா சார்?" என்றாள் அவள்.

"1794ல போயிட்டாங்கம்மா, பணத்தைக் கட்டின பிறகு."

பிள்ளைகள் திரும்பினார்கள். பாராமகால் திரும்பவில்லை. காரன்வாலிஸ் பாடத்தை இப்போதெல்லாம் லண்டனில் தொடங்குவதில்லை. ஆம்பூர்ப் பாதையில்தான் தொடங்குகிறேன்.