குழந்தைப் பராமரிப்பில் அரசு உதவி: குமரி மாவட்டம்

வேலைக்குப் போகும் தாய்மாரின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் செலவில் அரசு ஏற்கும் பங்கு, குமரி மாவட்டத்தில் பணமாக வந்தது மிகக் குறைவு. ஓர் அறை, ஒரு வேளைச் சோறு, கவனிக்க ஒரு பெண் என்ற வடிவில்தான் வந்தது. பிரிட்டனில் பெற்றோர் காப்பகத்துக்குக் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசு தருகிறது. இங்கே காப்பகத்தையே அரசு நடத்துகிறது. ஏட்டில் அங்கன்வாடி மையம், ஊர் வாயில் பால்வாடி. இந்தப் பெயரிலுள்ள ‘பால்’ குடிக்கும் பால் அன்று, குழந்தையைக் குறிக்கும் வடசொல். தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945 முதல் மராட்டியக் கடலோரத்துப் போர்டியில் நடத்திய குழந்தைப் பள்ளிகள் வழியாகப் பரவிய பெயர் இது.

முதலில் வந்தது சட்டம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பிள்ளைகளுக்கென்று தனி அறையும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளுக்கும் இதே கடமையை வைத்தது. இலங்கை மலையகத்தில் ‘பிள்ளைக்காம்பரா’ என்று வழங்கும் அறைக்கு இது உறவுமுறை.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த இம்மாவட்டத்தில், மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் இச்சட்டங்களுக்கு வேலை இருந்தது. ஒருபுறம் ரப்பர்த் தோட்டங்கள். மறுபுறம் கொல்லத்து முந்திரித் தொழிலின் தொடர்ச்சியாக வளர்ந்த, ஊரார் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் ஆலைகள். அங்கே உடைப்பதும் தொலி உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெண்கள். தோட்டெண்ணெய் பட்டு விரல்கள் வெந்து கறுத்திருக்கும். சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொட முடியும். உடைப்பவருக்குக் கூலி எடைக்கணக்கு. சட்டம் பாலூட்ட இடைவேளை தரும். ஆனால் எழுந்து போன நேரத்துக்குப் பருப்பு எடை ஏறாது. ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, கூலி முறையைப் பார்க்காத இந்தச் சட்டத்தில் ஓட்டை அங்கேதான் இருந்தது. பெண்களை மட்டும் எண்ணியதால் பெண்ணை வேலைக்கு எடுப்பதே முதலாளிக்குக் கூடுதல் செலவாகத் தெரிந்ததும் ஒரு குறை. 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஆண், பெண் இருபாலரையும் சேர்த்து 50 பேருக்கு மேல் என்று கணக்கை மாற்றியது. அந்த அளவில் அது நல்ல திருத்தம்.

அரசே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தது பிற்பாடுதான். காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் தந்த அறிக்கைக்குப் பின், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழகத்தில் பால்வாடியை ஊர்தோறும் கொண்டுபோனது எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டம். இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கும் அதில் சோறு உண்டு. ஒவ்வொரு மையத்திலும் பெண்களுக்கே வேலை. கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. 1989இல் முட்டை சேர்ந்தது. இன்று மாநிலத்தில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. பாய், எடை பார்க்கும் தராசு, சுவரில் அகரவரிசை, மூலையில் சத்துமாவுப் பாக்கெட் என்று குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்திலும் மேல்புறத்திலும் ஒரே தோற்றம்தான்.

மையம் இல்லாத ஊரில் ஆறு வயதுக்குட்பட்டோர் 40 பேர் இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் அதைத் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13 அன்று ஆணையிட்டது. அங்கன்வாடி டீச்சரும் உதவியாளரும் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்ற தீர்ப்பு வர 2022 ஏப்ரல் வரை ஆனது. பிள்ளை வளர்ப்பைத் தொண்டாகக் கருதிப் பழகிய அரசுக்கு, அது தொழில்தான் என்று நீதிமன்றம் சொல்ல இத்தனை காலம் ஆனது.

ரொக்கமாகத் தரப்படுவதில் முக்கியமானது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி. 1987இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ஆனது. பிள்ளை வளர்ந்ததும் தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. கட்டணம் பல வீடுகளுக்குப் பெரிய செலவு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடமும், 2019 முதல் 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் அந்தச் சுமையைக் குறைக்க வந்தவை.

இந்த அரசுத் திட்டங்கள் எதுவும் தாயின் வேலை நேரத்தைப் பார்த்து வகுக்கப்படவில்லை. அதைப் பார்த்தது காப்பகத் திட்டம் ஒன்றுதான். 1975இல் தொடங்கி, 2006இல் ராஜீவ் காந்தி பெயரைப் பெற்று, 2017இல் தேசியக் காப்பகத் திட்டமானது. ஆறு மாதக் குழந்தையையும் அதில் சேர்க்க முடிந்தது. நாளுக்கு ஏழரை மணி நேரம், மாதம் 26 நாள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதக் கட்டணம் 20 ரூபாயாக இருந்தது. பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களின் தோளில் ஏற்றப்பட்டதால் அது பால்வாடி அளவுக்குப் பரவவில்லை. 2022இல் அது ‘பால்னா’ என்ற பெயர் பெற்ற பின், அங்கன்வாடியிலேயே நாள் முழுதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் 17,000 மையங்களை மத்திய அரசு நாடு முழுமைக்கும் இலக்காக வைத்தது. பொழுது சாய்ந்து அண்டி ஆபீஸ் வேனில் இறங்கும் தாய்க்கு வேண்டியது இதுதான். பால்வாடி மூடியதிலிருந்து அவள் வந்து சேரும்வரை பிள்ளையைப் பார்ப்பவள் அம்மச்சி. அந்த மணிநேரங்களுக்கு எந்தத் திட்டத்திலும் கூலி இல்லை.