பேரிளம்பெண்ணுக்குப் பிறகு

பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடியும் ஏழு பருவக் கணக்கு நாற்பது வயதோடு நின்றுவிடுகிறது. உலா வரும் தலைவனைக் கண்டு மயங்க அதற்குமேல் வயது தேவைப்படவில்லை போலும். வகுப்பில் உலா நடத்தும்போதெல்லாம், நாற்பத்தொரு வயதுப் பெண் எங்கே போனாள் என்று கேட்பேன். நானும் அந்தக் கணக்குக்கு வெளியே வந்துவிட்டவள்தான். அவளை நான் கண்டுபிடித்தது ஓர் அமெரிக்க நகைச்சுவைத் தொடரில்.

சூசன் ஹாரிஸ் உருவாக்கிய 'தி கோல்டன் கேர்ள்ஸ்' 1985 செப்டம்பரில் என்.பி.சி.யில் தொடங்கியது. மயாமியில் ஒரே வீட்டில் நான்கு பெண்கள்: கணவனை இழந்த பிளாஞ்ச், ரோஸ், மணமுறிவு பெற்ற டோரதி, எண்பதைத் தொட்ட அவள் அம்மா சோஃபியா. ஏழு பருவங்கள், 180 பகுதிகள். இவர்களை வளர்ச்சி உளவியலின் ஏணியில் ஏற்றிப் பார்த்தால் ஏணிதான் ஆட்டம் காண்கிறது.

நம் பி.எட். மாணவிகள் தேர்வுக்காக உருப்போடும் எட்டு நிலைகளை எரிக் எரிக்சன் 1950இல் 'குழந்தைப் பருவமும் சமூகமும்' நூலில் வகுத்தார். விடலைப் பருவத்தில் 'நான் யார்' என்ற அடையாளம்; அது அமைந்த பிறகு நெருக்கம்; நடுவயதில் அடுத்த தலைமுறையை ஆளாக்குதல்; முதுமையில் நிறைவு. டோரதியை இதில் எங்கே நிறுத்துவது? பள்ளிப் பருவத்திலேயே கருவுற்று, ஸ்டானைக் கட்டிக்கொண்டு, 38 ஆண்டுகள் குடித்தனம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தவள். அவன் இளம் விமானப் பணிப்பெண்ணோடு போன பிறகுதான் பதினாறு வயதின் கேள்வி அவளிடம் வந்து சேர்கிறது. மாடி கட்டி முடித்தபின் அஸ்திவாரம் தோண்டுகிறாள். பெண்ணின் அடையாளத்தில் ஒரு பகுதி, வரப்போகும் கணவனுக்கும் பிள்ளைகளுக்குமாகத் திறந்து வைக்கப்பட்டிருக்கும் என்று எரிக்சன் 1960களில் எழுதினார். அந்தக் கணவன் வெளியேறினால் காலியாகும் இடத்துக்கு ஏணியில் படி இல்லை.

இது ஒருவருடைய பார்வைக் குறை மட்டுமல்ல. டேனியல் லெவின்சன் 1978இல் வெளியிட்ட வயதுவந்தோர் வளர்ச்சி ஆய்வு 40 ஆண்களைப் பற்றியது. லாரன்ஸ் கோல்பர்க் அறவுணர்வின் ஆறு நிலைகளைச் சிறுவர்களை மட்டும் கேட்டு வகுத்தார். அந்த அளவுகோலில் உறவைப் பேணுவதை முன்வைத்துப் பேசும் பெண்கள் மூன்றாம் படியில் தேங்கியவர்களாகத் தெரிந்தார்கள். குறை பெண்களிடமா, அளவுகோலிடமா என்று 1982இல் 'வேறொரு குரலில்' நூலில் கேட்டவர் கேரல் கில்லிகன். ரோஸிடம் நியாயம் கேட்டுப் பாருங்கள். செயின்ட் ஓலாஃப் ஊர்க்கதை ஒன்றைத் தொடங்கிவிடுவாள். மற்ற மூவரும் சலித்துக்கொள்வார்கள். கோல்பர்க்கும் சலித்திருப்பார். கதைக்குள்தான் அவளுடைய தீர்ப்பு இருக்கிறது.

சோஃபியாவிடம் எட்டாம் நிலையின் சாந்தம் துளியும் கிடையாது. பக்கவாதம் வந்ததில், வாயை அடக்கும் மூளைப் பகுதி போய்விட்டது என்று முதல் பகுதியிலேயே காரணம் சொல்லிவிடுகிறார்கள். முதியோர் இல்லம் எரிந்துபோனதால் மகளிடம் வந்தவள். வீட்டுக்குள் நடக்கும்போதும் கைப்பையை விடுவதில்லை. அவளைப் புரிந்துகொள்ள ஜோன் எரிக்சனிடம்தான் போக வேண்டியிருக்கிறது. கணவரோடு சேர்ந்து அந்த நிலைகளை யோசித்தவர் ஜோன். 1950ஆம் ஆண்டு நூலின் அட்டையில் அவர் பெயர் இல்லை. எரிக் 1994இல் இறந்தார். தொண்ணூறைக் கடந்த ஜோன், 'நிறைவுற்ற வாழ்க்கைச் சுழற்சி' நூலின் 1997ஆம் ஆண்டு விரிவான பதிப்பில் ஒன்பதாம் நிலையைச் சேர்த்தார். உடல் கைவிடும் வயதில் பழைய நெருக்கடிகள் எல்லாம் திரும்ப வரும் என்றார். பச்சைக் குழந்தையின் 'நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை'யை வரிசை மாற்றி, அவநம்பிக்கையை முன்னே வைத்தார். கைப்பைக்கு அங்கே விளக்கம் கிடைக்கிறது.

1992இல் கடைசிப் பகுதியில் டோரதிக்கு மறுமணம் செய்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சோஃபியா மகளோடு போகவில்லை. பிளாஞ்சோடும் ரோஸோடும் இருந்துவிட்டாள்.