மழை தேடிச் சூரியனைப் பார்த்தவர்கள்

1876-ல் பருவமழை பொய்த்தது. மறு ஆண்டும் நெடுநாள் ஏமாற்றியது. கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் பயிர் கருகிப் போனது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் கொங்கு நாட்டில் இன்றும் மறக்கப்படவில்லை. தென்னிந்தியாவில் சூரியப் புயல் ஆய்வு எப்படித் தொடங்கியது என்று தேடிப் போகிறவர் கடைசியில் வந்து சேர்வது இந்தப் பஞ்சத்திடம்தான்.

அரசின் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்த வில்லியம் வில்சன் ஹண்டர், 1877-ல் சென்னையின் மழைக் கணக்கையும் சூரியனின் கரும்புள்ளிக் கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்பது அவர் வாதம். பஞ்சத்தை முன்கூட்டி அறிய முடியுமென்றால் எந்த அரசுதான் காது கொடுக்காது? லார்டு கெல்வின் தலைமையிலான குழு 1893-ல் கூடிச் சூரிய ஆய்வகத்துக்கு இடமாகக் கொடைக்கானலைத் தேர்ந்தது. தூசியில்லாத, உயரமான தென்கோடி மலை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் கருவிகள் மலையேறின. 1899 ஏப்ரல் 1 அன்று வானியலாளர் மிச்சி ஸ்மித் பொறுப்பில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்தது.

மழைக்கு அவர்கள் தேடிய எளிய சூத்திரம் கிடைக்கவேயில்லை. கிடைத்தது வேறொன்று.

அதைப் புரிந்துகொள்ள, பஞ்சத்துக்கு முந்திய ஒரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தை வரைந்துகொண்டிருந்தார். திடீரென அதன் மேல் கண் கூசும் வெள்ளொளி தோன்றிச் சில நிமிடங்களில் அடங்கியது. பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமியின் காந்தப்புலம் குலுங்கியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்திலோ காந்தப்புலத்தின் கிடைமட்ட அளவு சுமார் 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததாகக் குறித்துவைத்தார்கள். அங்கே இயல்பாக இருக்கும் அளவில் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு அது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அந்தப் புயலின் கடுமையை இன்று மதிப்பிட உலகம் நம்பியிருப்பது இந்தக் கொலாபா ஏட்டைத்தான். ஆனால் சூரியனில் தோன்றிய ஒளிக்கும் பூமியில் துடித்த காந்த முள்ளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

விடையின் வேர் சூரியன் சுழலும் விதத்தில் இருக்கிறது. அது கெட்டியான உருண்டை இல்லை. கொதிக்கும் மின்மப் (பிளாஸ்மா) பெருங்கடல். அதன் நடுக்கோட்டுப் பகுதி ஒரு சுற்று முடிக்க சுமார் 25 நாள் போதும். துருவப் பகுதிக்கு 35 நாள் வரை ஆகும். இந்த வேக வேறுபாட்டால் காந்தப்புலக் கோடுகள், ஸ்பின்னிங் மில்லில் கதிரைச் சுற்றும் நூலைப் போல, சுற்றிச் சுற்றி இறுகுகின்றன. இறுகிய புலம் மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும் இடமே கரும்புள்ளி. எதிரெதிர்த் திசையிலான கோடுகள் அங்கே மோதி அறுந்து மறுபடி இணையும்போது, தேங்கிய ஆற்றல் சீறி வெளியேறுகிறது. ஒளியாக வருவது சுமார் எட்டு நிமிடத்தில் பூமியைத் தொடும். கூடவே பல நூறு கோடி டன் மின்மமும் காந்தப்புலமும் முகிலாகப் புறப்பட்டால், அது வந்து சேர வழக்கமாக ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். சூரியப் புயலில் அதிகம் அஞ்சவேண்டியது இந்த முகிலுக்குத்தான்.

கரும்புள்ளிக்குள் காந்தம் இருக்கிறது என்பதை 1908-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஹேல் நிறுவினார். கரும்புள்ளிகள் சுழல்களாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதைச் சோதிக்க 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் நிறமாலை எடுத்தார். சுழற்சி தெரியவில்லை. வாயு, புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கி, நொடிக்கு சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம் ஆரமாக ஓடிக்கொண்டிருந்தது. எவர்ஷெட் விளைவு என்று உலகப் பாடநூல்களில் ஏறிய கண்டுபிடிப்பு இது. அவர் மனைவி மேரி எவர்ஷெட் சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைக் கரும்புள்ளிகளோடு பொருத்தி ஆராய்ந்தார். அவர் உழைப்புக்கு உரிய இடம் இந்த வரலாற்றில் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கண்டுபிடிப்பைவிடப் பெரிய சொத்து, அங்கே விடாமல் நடந்த அன்றாட வேலை. 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்தார்கள். கண்ணாடித் தட்டுகளிலும் படச்சுருள்களிலும் நூறாண்டுச் சூரியன் பதிந்தது. இப்போது அவை கணினியில் ஏறிவிட்டன. கருவிகள் நேரடியாகக் காந்தப்புலத்தை அளக்கத் தொடங்கும் முன்பு சூரியன் எப்படி இருந்தது என்று அறிய, உலக ஆய்வாளர்கள் இந்தப் படங்களைத் தேடி வருகிறார்கள். மழைக்காகத் தொடங்கிய கணக்கு, புயலுக்கான சாட்சியமாகிவிட்டது.

சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட வெளியில் நடப்பதை அறிந்ததிலும் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. சூரியனிலிருந்து இடைவிடாது காற்று வீசுகிறது என்று 1958-ல் யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை, மதிப்பீட்டாளர்கள் இருவர் நிராகரித்தார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகர், கணக்கில் பிழை காணமுடியாததால், அதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் அந்தக் காற்றை நேரிலேயே அளந்தன.

அந்தக் காற்றைத் தரையிலிருந்தே தொடரும் கருவி கோவைக்காரர்களுக்கு வெகு அருகில் இருக்கிறது. காந்திபுரத்திலிருந்து காலையில் கிளம்பி மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாக மலையேறினால் மதியத்துக்குள் ஊட்டி முத்தோரையை அடையலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகச் சரிவில் கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியை 1970-ல் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டி முடித்தது. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்ததால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தொலைதூர ரேடியோ மூலங்கள் சூரியக் காற்றினூடே மினுக்குவதை அளந்து, புறப்பட்ட முகில் எங்கே, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பி. கே. மனோகரன் போன்றோர் வரைபடமாக்கினார்கள்.

ஊட்டியிலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகமும் இருக்கிறது. 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரிய முகில் பூமியில் மோதியபோது, விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களின் வரத்து அதன் கருவியில் சுமார் இரண்டு மணி நேரம் சட்டென உயர்ந்தது. பூமியின் காந்தக் கவசம் சிறிது நேரம் தளர்ந்ததால் விண்வெளிக் கதிர்கள் கூடுதலாக உள்ளே புகுந்தன என்ற விளக்கம் 2016-ல் வெளியானது.

இதெல்லாம் ஆய்வாளர் கவலை என்று ஒதுக்க முடியாது. 1989 மார்ச்சில் ஒரு புயல், கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருளில் தள்ளியது. 2022 பிப்ரவரியில் வந்தது சிறிய புயல்தான். மேல் வளிமண்டலம் சூடேறி விரிந்ததில், அப்போதுதான் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் முப்பதுக்கும் மேல் வீழ்ந்தன. 2024 மே 10, 11 தேதிகளில் வந்தது 2003-க்குப் பிந்திய கடும் புயல். லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததைக் கேமராக்கள் பதிந்தன. தமிழ்நாடு காந்த நடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் மின்கட்டமைப்புக்கு ஆபத்து குறைவு. ஆனால் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பும் அயனமண்டலக் கொந்தளிப்பு இந்த வட்டாரத்தில்தான் அதிகம்.

சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அதன் முதன்மைக் கருவியான ஒளிவட்டக் காட்டியைச் செய்தது, கொடைக்கானல் ஆய்வகத்திலிருந்து வளர்ந்த இந்திய வானியற்பியல் நிறுவனம். அக்கலம் பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. முகிலின் காந்தம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் கவசம் எளிதில் திறக்கும். அந்தத் திசையை, முகில் அந்த இடத்தைக் கடக்கும்போதுதான் உறுதியாக அளக்க முடிகிறது. நொடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் முகில் அங்கிருந்து பூமியைத் தொட அரை மணி நேரம் போதும்.