இரத்தினமும் மூன்று ரூபாய்க் கம்பளியும்

காசிக்கு அருகிலுள்ள லம்ஹி கிராமத்தில் 1880-ஆம் ஆண்டு பிறந்து 1936-இல் மறைந்த பிரேம்சந்தைப் போற்றுவோர் பலர். அவர் கதைக்கலையைக் கற்றுக்கொண்ட விதத்தை ஆராய்வோர் சிலரே. கதை எழுத விழையும் நேயர்களுக்கு அந்த வரலாறு எந்த இலக்கண நூலையும்விடப் பயன் தரும் என்பது என் எண்ணம்.

தனபத் ராய் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். இளமையில் அவர் மாயாஜாலம் நிறைந்த உருதுப் பெருங்கதைகளில் திளைத்தவர். 1908-இல் நவாப் ராய் என்னும் புனைபெயரில் அவர் வெளியிட்ட ‘சோஸே வதன்’ தொகுதியில் அச்சாயல் நன்கு தெரிகிறது. அதிலுள்ள ஒரு கதையில், உலகிலேயே விலைமதிப்பற்ற இரத்தினத்தைக் கொண்டுவருமாறு காதலி காதலனைப் பணிக்கிறாள். கண்ணீர்த் துளியும் உடன்கட்டை ஏறியவளின் சாம்பலும் ஏற்கப்படவில்லை. நாட்டிற்காக வீழ்ந்த வீரனின் கடைசி இரத்தத் துளியே ஏற்கப்படுகிறது. கருத்து உயர்ந்ததுதான். ஆயினும் அந்தக் காதலன் என்ன தொழில் செய்து வயிறு வளர்த்தான் என்பது நமக்குத் தெரிவதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி அந்நூலை இராஜத் துரோகம் என்றது. அப்போது அவர் ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளை மேற்பார்வையிடும் அலுவலர். கலெக்டர் அழைத்துக் கண்டித்தார். எஞ்சிய பிரதிகளை ஒப்படைக்க நேர்ந்தது. பின்னர், ‘ஜமானா’ ஆசிரியர் தயா நாராயண் நிகம் யோசனைப்படி ‘பிரேம்சந்த்’ என்னும் பெயர் பிறந்தது. 1910-இல் அப்பெயருடன் வந்த ‘படே கர் கீ பேட்டி’யில் சண்டை எதனால் மூள்கிறது? இருந்த நெய் முழுவதையும் மருமகள் இறைச்சியில் ஊற்றிவிட்டாள். பருப்புக்கு நெய் இல்லை. அவ்வளவே! தடைசெய்தவர் எண்ணியிராத நன்மை இது எனலாம்.

1930-இல் வந்த ‘பூஸ் கீ ராத்’ இன்னும் கவனிக்கத்தக்கது. கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாயை உழவன் ஹல்கூ கடனுக்குக் கொடுத்துவிடுகிறான். வடநாட்டுக் கடுங்குளிரில், வயலில் இரவுக் காவல். நீல்காய்க் கூட்டம் பயிரை மேய்கிறது, நாய் குரைக்கிறது, அவன் எழுந்தாலும் குளிருக்கு அஞ்சித் திரும்பிவிடுகிறான். காலையில் பயிர் அழிந்தது கண்டு மனைவி கலங்க, இனி இங்கே குளிரில் படுக்க வேண்டியதில்லை என்று அவன் மகிழ்கிறான். இம்முடிவை நாம் எவ்வாறு நம்புகிறோம்? ஆசிரியர் குளிருக்குப் பொறுமையோடு இடம் கொடுத்திருக்கிறார். ஹல்கூ புகை பிடிக்கிறான். நாயை மடியில் அணைத்துக்கொள்கிறான். மாந்தோப்புச் சருகுகளைக் கூட்டி எரிக்கிறான். குளிர் கொடியது என்று மட்டும் கூறியிருந்தால், அவன் மகிழ்ச்சி நமக்குச் சோம்பலாகவே தோன்றியிருக்கும். முடிவில் திகைப்பூட்ட விரும்புவோர், அதற்கு வேண்டிய விறகை முன்பே அடுக்க வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் கதைகளில் காவிரிக்கரை நிலவு அடிக்கடி வருவதுண்டு. அதில் தவறில்லை. ஆனால் கான்பூரிலோ நாகபுரியிலோ வாடகை வீட்டில் பல் கிட்டும் குளிரை நேரில் அறிந்தவர், அதை எழுதாமல் விடுவது வியப்பே.

1936 ஏப்ரலில் இலட்சுமணபுரி எழுத்தாளர் மாநாட்டுத் தலைமையுரையில், அழகை அளக்கும் கோலையே மாற்றவேண்டும் என்ற கருத்தைப் பிரேம்சந்த் வலியுறுத்தினார். அவ்வாண்டே இந்தியில் வெளிவந்த ‘கஃபன்’ கதையில், குடிசைக்குள் மருமகள் பேறுகால வேதனையில் துடிக்கிறாள். வெளியே தகப்பனும் மகனும் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கின்றனர். மகன் உள்ளே சென்று பார்க்கவில்லை. தான் எழுந்தால் தகப்பன் கிழங்கில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவான் என்ற அச்சம். அதே ஆண்டு அக்டோபரில் பிரேம்சந்த் காலமானார்.