ஒட்டுத் தெரியாத சுவர்

புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது மைக்ரோ சிமென்ட் பூசத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். கூடத்துத் தரை, மாடிப்படி, குளியலறைச் சுவர் எல்லாம் டைல்ஸ் கோடு இல்லாமல் ஒரே பரப்பாக ஓட வேண்டும் என்பது ஆசை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாத அந்தப் பூச்சைச் சீராக இழுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பையில் வரும் பொருளை யாரும் வாங்கிவிடலாம், கைதான் கிடைப்பதில்லை. இதை மேல்நாட்டிலிருந்து வந்த புது மோஸ்தர் என்று விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் நம்புகிறார்கள். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் மேல்நாட்டார் வியந்து பார்த்த ஒட்டில்லாத பூச்சு சென்னையில் இருந்தது. 'மெட்ராஸ் சுனாம்' என்று நம் சுண்ணாம்பின் பெயரையே சொல்லி அதை அழைத்தார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 'சுனாம்' என்ற சொல்லுக்குத் தனிப் பதிவே தந்திருக்கிறது. அந்தப் பூச்சைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் உடனே முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி என்று அடுக்கத் தொடங்குவோம். பக்குவம் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள், அதனால் கலை அழிந்தது என்று முடிப்போம். இந்த விளக்கம் தவறு என்பது என் கருத்து. அந்தச் சுவரின் ரகசியம் கலவையில் இருந்ததைவிட, ஆளை அமர்த்திய முறையில்தான் அதிகம் இருந்தது.

முதலில் அந்தப் பூச்சு எப்படிப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1780களின் தொடக்கத்தில் இங்கே வந்த ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1793இல் வெளியிட்ட தம் பயண நூலில், நீண்ட தூண் வரிசைகளும் திறந்த முகப்புகளும் கொண்ட சென்னையைப் பழைய கிரேக்க நகரம் ஒன்றோடு ஒப்பிட்டார். கிரேக்கத்தில் அந்தத் தோற்றத்தைத் தந்தது பளிங்கு. சென்னையில் பளிங்கு ஏது? செங்கல்லை அடுக்கி மேலே சுண்ணம் பூசித் தேய்த்ததுதான் அத்தனை வெண்மையும். 1802இல் ஜான் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபம், 1815இல் எழும்பிய புனித ஜார்ஜ் பேராலயம் ஆகியவற்றின் உருண்டு திரண்ட தூண்கள் எல்லாம் இந்த வகைதான். இதற்கு வேண்டிய மூலப்பொருள் கடலோரத்திலேயே கிடைத்தது. பழவேற்காடு ஏரியிலும் கழிமுகங்களிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு நீற்றினால் வரும் சுண்ணாம்பு, கல் சுண்ணாம்பைவிடத் தூய்மையானது. களிமண்ணும் இரும்பும் கலவாததால் அதன் வெண்மை பழுப்பேறாது. சூளை, சூளைமேடு என்று நகரத்தின் இடப்பெயர்களிலேயே சூளைத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி கலவையின் ரகசியத்துக்கு வருவோம். 1732இலேயே அது லண்டனில் அச்சேறிவிட்டது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் ஐசக் பைக், சென்னையில் மிகச் சிறந்த சாந்து எப்படிச் செய்யப்படுகிறது என்று எழுதி அனுப்பிய குறிப்பை ராயல் சொசைட்டி தன் ஆய்விதழில் வெளியிட்டது. 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு, கரைத்துத் தெளிக்க 20 ராத்தல் வெல்லம், வேகவைத்து வடித்த 'கிராம்' கஞ்சி, கடுக்காய் வடிநீர் என்று அளவோடு எல்லாம் அதில் இருக்கின்றன. சென்னைப் பக்கத்தில் கிராம் என்றால் அன்று கொள்ளு. மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளையும் மோரும் நெய்யும் சேர்ப்பதையும் அவர் விட்டுவிடவில்லை. பின்னாளில், 1837இல், சென்னைப் பொறியாளர் படையின் ஜே. டி. ஸ்மித், பிரெஞ்சுக்காரரான விக்காவின் சுண்ணாம்பு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது உள்ளூர்ச் சோதனைகளையும் குறிப்புகளாகச் சேர்த்தார். ஆக, பக்குவம் எழுத்தில் ஏறி முந்நூறு ஆண்டு ஆகப்போகிறது. அந்தச் சேர்மானங்கள் வெறும் நம்பிக்கையும் இல்லை. வெல்லம் சுண்ணாம்பை நீரில் கூடுதலாகக் கரையச் செய்து, சாந்து இறுகும் வேகத்தைத் தணிக்கிறது. மோரிலுள்ள புரதமும் முட்டைப் புரதமும் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரம் எளிதில் ஏறாத பிசினாகின்றன. இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எவராலும் அந்தத் தூணைச் செய்துவிட முடியாது. பட்டியலில் இல்லாத ஒன்று நேரம், இன்னொன்று ஆள்கணக்கு.

பூச்சு மூன்று படியாக ஏறியது. அடியில் சாதாரண மணற்சாந்து. அதன்மேல் அம்மியில் அரைத்ததுபோல நைந்த, வெள்ளை மணல் கொஞ்சமே சேர்ந்த இரண்டாம் பூச்சு. கடைசியில் விரலால் தேய்த்தால் நறநறப்பே தட்டாத வெண்ணெய்ப் பதத்தில் நகக்கனப் பூச்சு. அது காய்வதற்குள் கரண்டியால் அழுத்தி, பிறகு வழவழப்பான கல்லால் தேய்க்கத் தொடங்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். அந்த நீரைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்க்க வேண்டும். பளபளப்பு என்பது மேலே தடவிய மெருகு இல்லை; சுண்ணாம்புத் துகள்கள் ஈரத்தோடு இருக்கும்போதே நெருக்கி அமுக்கப்பட்டு, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் கல்லாக மாறுவதால் வருவது. முந்தித் தேய்த்தால் சாந்து பெயர்ந்து வரும், பிந்தினால் கல் கீறும். ஈரம் எப்போது சரியாக இருக்கிறது என்பதைக் கடிகாரம் சொல்லாது. அன்றைய வெயிலும் காற்றும் கடற்கரை உப்பும் சேர்ந்து சொல்வதை உள்ளங்கை கேட்க வேண்டும். ஒட்டு என்கிற சிக்கல் முளைப்பதும் இங்கேதான். நேற்றுப் பூசி இறுகிய பரப்பும் இன்றைய ஈரப் பரப்பும் சந்திக்கும் இடத்தில் கோடு விழாமல் இருக்காது. இத்தாலியச் சுவரோவியர்களுக்கு இதைத் தவிர்க்க வழியில்லை. மிக்கேலாஞ்சலோ சிஸ்டைன் கூரையில் ஈரப்பூச்சில் வரைந்தபோது ஒவ்வொரு நாளும் பூசிய துண்டின் விளிம்பை இன்றும் ஆய்வாளர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். வரைந்த உருவங்கள் அந்தக் கோடுகளை மறைத்துக்கொள்ளும். வெறும் வெள்ளைச் சுவரில் எதை வைத்து மறைப்பது? ஒரு சுவரின் கடைசிப் பூச்சை ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும். அதற்குச் சாரத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஆள் நின்று, மேலிருப்பவரின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே கீழிருப்பவர் அதைத் தொட்டுக்கொண்டு இறங்க வேண்டும். சுவரின் அகலத்துக்கு ஏற்ற எண்ணிக்கையில் கொத்தனார், அவர்களுக்குச் சாந்து குறையாமல் எட்டிக்கொடுக்கச் சித்தாட்கள், பக்கத்தில் ஓயாமல் அரைக்கிறவர்கள். ஒட்டில்லாத பரப்பு என்பது நாம் கண்ணால் காணும் ஆள் அமைப்பு.

இப்படிப்பட்ட கூட்டத்தைச் சதுர அடிக் கணக்கில் அமர்த்தவே முடியாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், விரைவாக முடிப்பவருக்கு லாபம், கூடுதலாக ஒரு மணி நேரம் தேய்ப்பவருக்கு நஷ்டம். வீட்டுக்காரர் பொருளை வாங்கிப் போட்டு, ஆளுக்கு நாட்கூலி கொடுத்து, வேலை தன் பதத்துக்கு வரும்வரை காத்திருக்கும் ஏற்பாட்டில்தான் இது பிழைக்கும். செட்டிநாட்டு வீடுகள் இதற்குப் பெரிய சாட்சி. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடி வட்டாரத்தில் எழுந்த அந்த மாளிகைகளை நகரத்தார் ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கப்பலேற்றி இறக்க முடிந்தவர்கள், சுவருக்கு மட்டும் உள்ளூர்ச் சுண்ணாம்பை விடவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழில் நடந்த காலத்தில் அவர்களிடம் பணத்தோடு காத்திருப்பும் இருந்தது. இன்று கைவைத்தாலும் சில்லென்று கண்ணாடி போலிருக்கும் அந்தச் சுவர்கள், காத்திருப்பை விலை கொடுத்து வாங்கியவர்களின் சுவர்கள்.

சிமென்ட் வந்தது, சுண்ணாம்பு போனது, இதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்கலாம். இது வலுவான மறுப்பு. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்ட் சிமென்ட், சில மணி நேரத்தில் இறுகி, மழையைத் தாங்கி, மேற்பார்வை குறைந்த இடத்திலும் கைகொடுத்தது. பாலத்துக்கும் அணைக்கும் அது வேண்டியிருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பூச்சுத் தொழில் அதனால் செத்தது என்றால் நடந்த கதை ஒத்துவரவில்லை. இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நடந்தது, அதுவும் கடற்கிளிஞ்சலைக் கொண்டு. அது தோற்று, 1914இல் போர்பந்தரில்தான் தொழில் நிலைகொண்டது. அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் செட்டிநாட்டில் சுண்ணாம்புச் சுவர்கள் எழுந்தன. அதைவிட முக்கியமானது, சிமென்டையே இந்தக் கைகள் தம் வழிக்குக் கொண்டுவந்துவிட்டன. பழைய வீடுகளில் நாம் வழுக்கி விழுந்து வளர்ந்த சிவப்புத் தரை வேறென்ன? சிமென்டில் ரெட் ஆக்சைடு கலந்து, ஈரத்தோடு கரண்டியால் இழைத்து, காய்ந்தபின் தேங்காய் எண்ணெயோ மெழுகோ தேய்த்து மெருகேற்றிய அந்தத் தரையில் கூடம் முழுதும் ஒட்டுத் தெரியாது. பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைத் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டையும் கொண்டு செய்ததாகச் சொல்வார்கள். அந்தத் தரைக்கும் தெருவோரத்து ஓட்டு வீட்டின் சிவப்புத் தரைக்கும் பொருள் வேறு, பழக்கம் ஒன்று. பொருள் மாறியும் கை பிழைத்ததென்றால், கையைக் கொன்றது பொருள் இல்லை என்றுதானே ஆகிறது?

கையை ஓரங்கட்டியது டைல்ஸ். முதலில் மொசைக், பிறகு பீங்கான் டைல்ஸ், அதன்பின் கண்ணாடி போன்ற விட்ரிஃபைடு. மெருகு ஏற்றும் வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. வீட்டில் மிஞ்சியது ஒட்டும் வேலை. டைல்ஸ் என்பதே ஒட்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பொருள். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம், இரண்டு பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் வேலை நடக்கும், சதுர அடிக்குத் தொகை பேசலாம். கான்ட்ராக்ட் முறைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. முழு கான்ட்ராக்ட் பழக்கம் ஊன்றிய பிறகு, சிவப்புத் தரையை இழைக்கத் தெரிந்த கொத்தனார் அதே தெருவில் இருந்தும் வேலை இல்லாமல் போனார். அவர் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளவில்லை என்று குறை சொல்வது நியாயமே இல்லை. யார் கூலி கொடுத்திருப்பார்கள்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அந்தப் பழைய ஆள் அமைப்பு மலிவான உழைப்பின்மேல் நின்றது. அதைப் போற்றுவது வறுமையைப் போற்றுவது போல ஆகும் என்பது. இதை நான் ஒதுக்க விரும்பவில்லை. சுட்ட சுண்ணாம்பு தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். சாந்து சுமந்ததும் நாள் முழுக்கக் குத்தியதும் பெரும்பாலும் பெண்கள். சித்தாள் கூலி எந்தக் காலத்திலும் கொத்தனார் கூலியைத் தொட்டதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் தோட்ட வீடுகளில் தூண்கள் பளபளத்ததற்கு, இந்தக் கூலி மிகத் தாழ்ந்திருந்தது ஒரு காரணம். பைக்கின் குறிப்பில் வெல்லத்துக்கு ராத்தல் கணக்கு இருக்கிறது, குத்தியவர்களின் கூலிக் கணக்கைத்தான் நான் முதலில் பார்க்க விரும்பியிருப்பேன். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. பூச்சின் உண்மையான விலை நேரத்தில் இருந்தது, அந்த நேரம் அன்று அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. நியாயமான கூலி கொடுத்தால் அந்தச் சுவர் எவ்வளவு விலையேறிய பொருள் என்பது இப்போதுதான் நமக்குத் தெரிகிறது.

2012 சனவரியில் சேப்பாக்கம் அரண்மனை வளாகத்தின் கலச மகால் தீயில் எரிந்தது. 18ஆம் நூற்றாண்டுக் கட்டடம் அது. பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீட்டெடுத்தது. சுண்ணாம்பைப் புளிக்க வைக்கும் நாட்களை எந்த அவசரத்தாலும் சுருக்க முடியாது. அரசுப் பணி என்பதால் அந்தக் காத்திருப்புக்கு இடம் கிடைத்தது. வீடுகளில் நிலைமை வேறு. மைக்ரோ சிமென்டுக்கும் பழைய விதிதான் பொருந்துகிறது. ஒரு தரையை ஒரே ஓட்டத்தில் முடிக்க இரண்டு மூன்று பேர் சேர்ந்து விளிம்பு ஈரமாக இருக்கும்போதே இழுக்க வேண்டும், இல்லையென்றால் கரண்டி நின்ற இடம் மாலை வெயிலில் காட்டிக்கொடுக்கும். அடித்தளம் காய நாள் வேண்டும், பூச்சுக்கும் பூச்சுக்கும் இடையே உரசித் துடைக்க ஆள் வேண்டும். வீட்டுக்காரர் கையில் வரும் மதிப்பீட்டுத் தாளில் பையின் விலை, நிறம், சதுர அடி, மொத்தத் தொகை என்று வரிசையாக இருக்கிறது. எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்பார்கள், எத்தனை நாள் காயவிடுவார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி கூட இல்லை.