சவரிமுத்து என்னும் பெயர் வந்த வழி



ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. மாரிமுத்து, காளிமுத்து, வீரமுத்து என்று அழைத்துக்கொண்டு வரும் கிராணியார் அதே மூச்சில் சவரிமுத்து என்றும் அழைப்பார். அந்தப் பெயர் யார் காதிலும் அந்நியமாக ஒலித்ததில்லை. மாரியும் காளியும் நம் அம்மன்கள்; வீரன் நம் ஊர்க்காவல் தெய்வம். ஆனால் இந்தச் 'சவரி' யார்? இது எங்கிருந்து வந்து நம் முத்துகளோடு கோக்கப்பட்டது?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேருவோம். அங்கே நவார் என்று ஒரு சிறு அரசு இருந்தது. அந்த நாட்டு மக்களில் பலர் பேசியது பாஸ்க் மொழி. அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் உறவில்லாத பழைய மொழி அது. அதில் 'எச்சே' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதியது. எச்சே பெர்ரி, அதாவது புது வீடு, நாளாவட்டத்தில் பேச்சில் தேய்ந்து 'ஷவியேர்' ஆயிற்று. அது முதலில் ஒரு கோட்டை வீட்டுக்கும் அதைச் சுற்றிய ஊருக்கும் பெயர். நம்மவர் ஊருக்குப் புதூர் என்று பெயர் வைப்பது போலத்தான்.

அந்த வீட்டில் 1506 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் பிறந்த கடைசிப் பிள்ளைக்குப் பிரான்சிஸ் என்று பெயரிட்டார்கள். தந்தை நவார் அரசவையில் உயர்ந்த பதவி வகித்தவர். ஆனால் பையனுக்கு ஆறு வயதாகும்போது, 1512 இல், பக்கத்து அரசான காஸ்டில் நவாரைப் பிடித்துக்கொண்டது. 1515 இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு கோட்டையின் கோபுரங்களை இடித்து அகழியைத் தூர்த்துவிட்டார்கள். 1521 இல் அண்ணன்மார் நாட்டை மீட்கும் போரில் காஸ்டிலை எதிர்த்து நின்றார்கள். பம்ப்லோனா கோட்டையில் எதிர்ப்பக்கம் நின்று காலில் குண்டடி பட்ட ஒரு வீரர்தாம் பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ். பாரீஸ் நகரில் படிக்கப் போன பிரான்சிஸ் அதே இக்னேஷியஸுக்கு நண்பரானார். இருவரும் மற்றும் சிலரும் 1534 இல் சேர்ந்து உறுதி எடுத்துக்கொண்டார்கள். 1540 இல் சபைக்கு ஒப்புதல் கிடைத்தது. 1541 ஏப்ரலில், தமது 35 ஆம் பிறந்த நாளன்று, பிரான்சிஸ் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். இடிக்கப்பட்ட வீட்டின் பெயரைச் சுமந்துகொண்டு கிழக்கே வந்தார். தாய்வீட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அவ்வாண்டு அக்டோபரிலேயே தெற்கே முத்துக்குளித்துறைக்குச் சென்றார். தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட கடற்கரை அது. அங்கே கடலில் மூழ்கி முத்தெடுத்த பரதவர்கள், தங்கள் தொழிலுக்குப் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பு வேண்டி, 1536, 1537 ஆம் ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கில் கிறிஸ்தவராகியிருந்தார்கள். ஆனால் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஆக, அவர்களை மதம் மாற்றியவர் சவேரியார் என்று பலர் சொல்வது சரியன்று. அவர் வருமுன்பே அது நடந்துவிட்டது. அவர் செய்தது கற்பித்தல்.

எப்படிக் கற்பித்தார்? அவருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் மொழி மலபார், என் மொழி பாஸ்க் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். போர்ச்சுக்கீசியர் அந்நாளில் தமிழை மலபார் என்றே குறித்தார்கள். இரு மொழியும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். ஒரே நாளில் பலருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்து போகிறது என்றும் எழுதினார். 1544 இல் வடுகர் படை வந்து கடற்கரை ஊர்களைச் சூறையாடியபோது, குமரி முனைப் பாறைகளில் ஒண்டிக் கிடந்த மக்களுக்காகத் தோணிகளில் உதவி எடுத்துச் செல்ல முயன்றார். அந்த மக்களை வருத்திய போர்ச்சுக்கீசிய அதிகாரிகளைக் கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார்.

வரலாறு சொல்ல வந்த நாம் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சிறுவர்களை விட்டு விக்கிரகங்களை உடைக்கச் செய்ததை அவர் பெருமையாகவே எழுதியிருக்கிறார். கோவாவில் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று 1546 இல் போர்ச்சுக்கல் மன்னருக்கு எழுதியவரும் அவரே. அவர் இறந்த பிறகு, 1560 இல், அது ஏற்பட்டுப் பலருக்கும் துன்பம் விளைவித்தது. கடலோர ஏழைகளுக்காக உருகிய மனமும் பிறர் தெய்வத்தைப் பொறுக்காத மனமும் ஒரே ஆளிடம் இருந்தன.

இனிப் பெயருக்கு வருவோம். போர்ச்சுக்கீசியர் வாயில் அந்தப் பெயர் 'ஷவியேர்' என்று ஒலித்தது. கடற்கரைத் தமிழர் அதைக் காதால் கேட்டார்கள், ஏட்டில் படித்தவர்கள் அல்லர். தமிழ் நாவுக்கு 'ஷ' வராது, 'ச' வரும். சவேரியார் ஆயிற்று. இன்னும் தேய்ந்து சவரியார், சவுரியார் என்றும் ஆயிற்று. சவரிமுத்து, சவரியப்பன், சவரியம்மாள், சவரிராயன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். மாரிமுத்து வார்த்த அச்சிலேயே சவரிமுத்தையும் வார்த்தார்கள். முன்னோர் சமயம் மாறியது, பெயர் வைக்கும் முறை மாறவில்லை.

இது சவேரியாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பவுல் என்றால் இலத்தீன் மொழியில் சிறியவர் என்று பொருள். அதனால் அவர் சின்னப்பர் ஆனார். பேதுரு இராயப்பர் ஆனார். யோவான் அருளப்பர், யோசேப்பு சூசையப்பர். தோட்டத்தில் நமக்குத் தெரிந்த சின்னப்பனும் இராயப்பனும் அருளப்பனும் சூசையும் இப்படி வந்தவர்களே. இவற்றுள் சில பொருளை மாற்றி வந்தவை, சில ஒலியை மாற்றி வந்தவை. சவரி ஒலியால் வந்த பெயர். புது வீடு என்னும் பொருள் வழியிலேயே தொலைந்து போயிற்று.

சவேரியார் இங்கே நம் மலாக்காவுக்கும் வந்தவர். முதலில் வந்தது 1545 செப்டம்பர் இறுதியில். மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கிவிட்டு அங்கிருந்து கப்பலேறி வந்தார். மலாக்கா அப்போது 1511 முதல் போர்ச்சுக்கீசியர் கையில். தமிழ் வணிகர்கள் அதற்கும் முன்பே அங்கே குடியிருந்தார்கள். தமிழ்க் கரையில் செய்தது போலவே இங்கும் செபங்களை மலாய் மொழியில் ஆக்கச் செய்து மனப்பாடம் பண்ணினார். இங்கிருந்து அம்போன் தீவுகளுக்குப் போனார், திரும்பி வந்தார். 1547 இல் அன்ஜிரோ என்ற ஜப்பானியரை மலாக்காவில்தான் சந்தித்தார். அந்தச் சந்திப்பின் பயனாக 1549 இல் இங்கிருந்தே ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

கடைசி முறை வந்தது 1552 இல். சீனாவுக்குத் தூதுக்குழுவோடு போக எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. மலாக்காவின் கடற்படைத் தலைவர், வாஸ்கோ ட காமாவின் மகன் ஆல்வரோ, தூதரைப் போகவிடாமல் தடுத்துவிட்டார். சவேரியார் மனம் நொந்து, தூதுக்குழு இல்லாமலே புறப்பட்டார். சீனக் கரைக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில் சாங்சுவான் தீவில் காய்ச்சலாகப் படுத்து, 1552 டிசம்பர் 3 ஆம் நாள் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் உடலை மலாக்காவுக்குக் கொண்டு வந்து, குன்றின் மேலிருந்த கோயிலில் அடக்கம் செய்தார்கள். சில மாதங்கள் கழித்து அதை வெளியே எடுத்து, ஆண்டு முடிவில் கோவாவுக்குக் கப்பலேற்றினார்கள். இன்று வரை உடல் அங்கேதான் இருக்கிறது.

மலாக்கா போகும் நம் பிள்ளைகள் அந்தக் குன்றுக்கு ஏறாமல் திரும்புவதில்லை. கூரையில்லாத சுவர்கள், சாய்த்து வைத்த பெரிய கல்லறைக் கற்கள், நடுவே கம்பி வேலி போட்ட பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் அவர் உடல் கிடந்தது. ஆனால் அந்தக் குன்றின் பெயர் என்ன? பவுல் குன்று. 1521 இல் போர்ச்சுக்கீசியர் கட்டியபோது அது மாதா கோயில். 1641 இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் புராட்டஸ்டன்டு மதத்தார். அவர்கள் வைத்த பெயர் பவுல். 1753 இல் கீழே தங்களுக்குப் புதிய கோயில் கட்டிக்கொண்ட பின் மேலே இருந்ததை இடுகாடாக்கிவிட்டார்கள். பிறகு வந்த ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து வைத்தார்கள். அவர் நடந்த மண்ணுக்கு, கிடந்த குழிக்கு, அவர் பெயர் வாய்க்கவில்லை.

பெயர் வாய்த்ததோ கீழே, ஆற்றங்கரை ஓரத்தில். இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் சவேரியார் கோயிலை 1849 இல் பார்வே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுப்பத் தொடங்கினார்; 1856 இல் முடிந்தது. அவர் இறந்து முந்நூறு ஆண்டு கழித்து வந்த கட்டடம். மலாக்காவில் 1710 முதலே போர்ச்சுக்கீசியரின் பேதுரு கோயில் இருந்தது. புதிதாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் கோயிலுக்கு ஊரறிந்த ஒருவர் பெயரை வைத்தார்கள்.

பினாங்கைப் பாருங்கள். சவேரியார் பினாங்கில் கால் வைத்ததாக எந்தச் சான்றும் இல்லை. ஜார்ஜ் டவுனே அவருக்கு இருநூறு ஆண்டுக்கு மேல் பிந்தியது. ஆயினும் 1852 இல் அங்கே வந்த லசால் சகோதரர்களின் பள்ளி சேவியர் பெயரில் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அதன் பழைய கட்டடம் அழிந்து, 1954 இல் புதிய கட்டடம் எழுந்தது. அதே நகரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று எழுந்த கோயிலுக்கும் அவர் பெயர்தான். ஒரே ஊரில் ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக ஒலித்தது. பள்ளி ஆங்கிலம் வழியாக வந்ததால் 'சேவியர்ஸ்'. கோயில் தமிழ்க் கரையிலிருந்து வந்ததால் 'சவேரியார்'. பெயரை உச்சரிக்கும் விதத்தைக் கொண்டே அது எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லிவிடலாம். பெட்டாலிங் ஜெயாவில் இயேசு சபையார் நடத்தும் கோயில், சிங்கப்பூரில் சிரங்கூன் கார்டன்ஸ் கோயில், சபாவில் கெனிங்காவ் தலைமைக் கோயில் எல்லாம் இந்த வரிசையில் பின்னால் வந்தவை.

தமிழகத்தில் நாகர்கோவில் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலுக்குப் பத்து நாள் திருவிழா; அவர் இறந்த டிசம்பர் 3 ஆம் நாளில் அது நிறைவுறும். சாதி மதம் பாராமல் கூட்டம் சேரும். பாளையங்கோட்டையில் 1923 இல் தொடங்கிய கல்லூரிக்கும் அவர் பெயர். சவேரியார்புரம் என்றே ஊரும் உண்டு. வீட்டின் பெயர் ஆளுக்குப் போய், ஆளின் பெயர் மறுபடி ஊருக்கு வந்து சேர்ந்தது.

மலாக்காக் குன்றில் நிற்கும் சிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1952 இல் நிறுவப்பட்ட வெள்ளைச் சிலை அது. திறந்து வைத்த மறுநாளே ஒரு சவுக்கு மரம் சாய்ந்து வலக்கை ஒடிந்தது என்று சொல்வார்கள். 1614 இல் கோவாவில் அவர் உடலிலிருந்து வலது முன்கையை எடுத்து ரோமாபுரிக்கு அனுப்பியது வரலாறு. இரண்டையும் சேர்த்து அதிசயம் என்பவர்கள் பலர். நாம் அதற்குள் போகவில்லை. ஆனால் கை இல்லாமலே அதை நிற்க விட்டது நல்ல காரியம் என்று நமக்குப் படுகிறது.

பாட்டன் பூட்டன் வரலாறு தேடும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி சொல்லி முடிக்கிறோம். பழைய கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் இலத்தீனில் எழுதப்பட்டவை. 'பிரான்சிஸ்குஸ் சவேரியுஸ்' என்று அங்கே பதிவான குழந்தை, தோட்டத்துச் செக்ரோலில் சவரிமுத்து என்று இருக்கக்கூடும். கிராணியார் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியதால், அண்ணன் பெயரில் ஓர் எழுத்தும் தம்பி பெயரில் வேறோர் எழுத்துமாக அடையாளக் கார்டில் ஏறியிருக்கலாம். பள்ளிக்குப் போன பேரன் அதே பெயரைச் சேவியர் என்று வைத்துக்கொண்டிருப்பான். தேடுகிறவர்கள் ஓர் எழுத்தோடு நின்றுவிடாமல், இந்த வடிவங்கள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டவேண்டும்.