மைதானத்து ஓரத்தில் நின்றவர்கள்

ஹட்டன் டன்பார் மைதானத்திலும், தோட்டங்களின் பெரட்டுக் களத்தை ஒட்டிய சிறு வெளிகளிலும் உதைபந்தாடியும் ஆட்டம் பார்த்தும் வளர்ந்த ஒரு தலைமுறை இன்று முதுமையை எட்டியிருக்கிறது. அந்தப் பழைய ஆட்டக்காரர்களோடும் ரசிகர்களோடும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யார் எத்தனை கோல் போட்டார் என்பது மெதுவாகத்தான் வரும். மத்தியஸ்தரைத் துரத்தியது, எல்லைக்கோட்டைத் தாண்டி சனம் உள்ளே பாய்ந்தது, கல் வந்து விழுந்தது, ஆட்டம் பாதியில் நின்றது என்பவைதாம் முதலில் வரும். கோல்களை மறந்தவர்கள்கூட சண்டையை மறப்பதில்லை.

இந்த நினைவுகளை வெறும் ஊர்க்கதை என்று நாம் ஒதுக்கி வந்திருக்கிறோம். மலையகத்தின் வரலாறு என்றால் கோப்பி, தேயிலை, கங்காணி முறை, குடியுரிமைச் சட்டம், தொழிற்சங்கம் என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அந்த மக்கள் எங்கே கூடினார்கள், எதற்காகக் கூச்சலிட்டார்கள், எப்போது கை ஓங்கினார்கள் என்பதும் வரலாறுதான். அதிலும் கை ஓங்கிய கணத்தைப் பிற்காலத்தில் எப்படிச் சொல்கிறோம் என்பது இந்த நாட்டில் சிறிய விடயமல்ல. அதைப் பின்னால் பார்ப்போம்.

மலைநாட்டில் விளையாட்டுக்கென்று நல்ல நிலத்தைச் சமப்படுத்தி எடுத்தவர்கள் வெள்ளைத் துரைமார்கள். தரவளையிலும் ரதல்லையிலும் அவர்களுடைய கழகங்கள் இருந்தன. நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலும் கொல்ஃப் மைதானமும் இருந்தன. கிரிக்கெட்டும் ரக்பியும் டென்னிஸும் அவர்களுடைய ஆட்டங்கள். உதைபந்தாட்டம் அப்படியல்ல. அதற்கு ஒரு பந்து போதும். சப்பாத்து இல்லாமலும் ஆடலாம். ஆகவே லயத்துப் பிள்ளையும், பஸாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரியின் மகனும், பக்கத்துச் சிங்களக் கிராமத்து இளைஞனும் ஒரே பந்தின் பின்னால் ஓடக்கூடிய ஆட்டமாக அது இருந்தது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற நகரங்களில் இந்த மூன்று கூட்டத்தாரும் தோளோடு தோள் உரசி நின்ற இடங்கள் மிகக் குறைவு. சந்தை ஒன்று, பஸ் நிலையம் ஒன்று, மைதானம் ஒன்று.

தோட்டத்து மைதானத்துக்கு மதில் இல்லை, நுழைவாயில் இல்லை, இருக்கைகளும் இல்லை. சரிவில் தேயிலை மலை. அதுவே ரசிகர்களின் மாடம். எல்லைக்கோட்டின் மேலேயே சனம் நிற்கும். பந்து செடிக்குள் உருண்டு போனால் ஆட்டம் நிற்கும். ஆட்டக்காரனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையில் ஒரு சுண்ணாம்புக் கோடு மாத்திரமே. மத்தியஸ்தரின் ஒரு விசிலில் அந்தக் கோடு மறைந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் சண்டை வருவதற்கு மக்களின் குணம் காரணமா, இடத்தின் அமைப்புக் காரணமா என்ற கேள்வியை நாம் கேட்டதேயில்லை. உலகத்தின் பெரிய அரங்குகளிலும் இதே கேள்விதான் பல ஆண்டுகள் கேட்கப்படாமல் இருந்தது.

நமது பிராந்தியத்தில் இதற்கு மிகப் பெரிய சான்று கல்கத்தா. முஸ்லிம் வாசகர்களுக்கு அந்த நகரத்து உதைபந்தாட்டம் என்றதும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் நினைவுக்கு வரும். 1891இல் உருவான அந்தக் கழகம், 1934இல் கல்கத்தா லீக் கிண்ணத்தை வென்றது. அதுவரை ஆங்கிலேயரின் அணிகளே வென்று வந்த கிண்ணம் அது. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்று, இந்திய மண்ணின் அணியாலும் முடியும் என்று காட்டியது. அதற்கு முன்பே 1911இல் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யோர்க்ஷயர் படைப்பிரிவின் அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தை எடுத்திருந்தது. 1920இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களும், 1947இன் பிரிவினைக்குப் பின் வேரறுந்து வந்த அகதிகளும் அதைத் தம்முடைய கழகமாகக் கொண்டார்கள். மோகன் பகான் மேற்கு வங்காளத்தாரின் கழகம். ஆக, அங்கே ஓர் ஆட்டம் என்பது 'நீ எந்த ஊரான்?' என்ற கேள்வியாகவும் இருந்தது. இடம்பெயர்ந்தவன் தன்னுடைய ஊரை ஓர் அணியின் பெயரில் மீட்டுக்கொள்ளும் இந்த மனநிலை மலையகத்தாருக்கும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம்மவர்களுக்கும் புரியாத ஒன்றல்ல.

1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸ் அரங்கில் இந்த இரு கழகங்களும் லீக் ஆட்டத்தில் மோதின. இரு தரப்பு ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து அமர்த்தப்பட்டிருந்தார்கள். இரண்டாவது பாதியில் ஈஸ்ட் பெங்காலின் திலீப் பாலித், மோகன் பகானின் பிதேஷ் போஸை முரட்டுத்தனமாக மறித்தார். பிதேஷ் திருப்பித் தாக்கினார். இருவரும் வெளியேற்றப்பட்டார்கள். அதற்குள் மாடத்தில் சண்டை மூண்டுவிட்டது. கற்கள் பறந்தன. தப்பி ஓட முயன்றவர்கள் நெரிசலில் மிதிபட்டார்கள். சிலர் உயரத்திலிருந்து விழுந்தார்கள். 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆட்டமோ கோல் எதுவுமின்றி இறுதி விசில் வரை நடந்து முடிந்தது. மைதானத்துக்குள் பந்து உருண்டுகொண்டிருக்க, மாடத்தில் மையித்துகள் கிடந்தன.

அந்த நாள் பின்னர் எவ்வாறு நினைவுகூரப்பட்டது என்பதே நமக்குப் பாடம். பழி முதலில் இரு ஆட்டக்காரர்கள் மீதும், மத்தியஸ்தர் மீதும், ரசிகர்களின் வெறி மீதும் விழுந்தது. இரு தரப்பையும் ஒரே மாடத்தில் ஏற்றியது யார் என்ற கேள்வி பின்தங்கிவிட்டது. ஆனால் கல்கத்தா மக்கள் இறந்தவர்களை மறக்கவில்லை. அந்நாள் உதைபந்தாட்ட நேசர்களின் நாளாகி, ஒவ்வோர் ஆண்டும் இரத்ததானம் நடைபெறலாயிற்று. சிந்திய இரத்தத்துக்குப் பதிலாக இரத்தம் கொடுப்பது என்ற எண்ணம் எளிமையானது; எந்தக் கழகத்துக்கும் சொந்தமில்லாதது. 2021இல் மேற்கு வங்க அரசு அதே ஆகஸ்ட் 16ஐ 'கேலா ஹோபே' தினமாக அறிவித்தது. உடனே எதிர்க்கட்சியினர் வேறொரு ஆகஸ்ட் 16ஐ நினைவூட்டினார்கள். 1946இல் முஸ்லிம் லீக்கின் நேரடி நடவடிக்கை நாளில் தொடங்கி, இந்துக்களும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் மடிந்த கல்கத்தாக் கலவரத்தின் நாள் அது. 16 ரசிகர்களின் மரணத்துக்கும் அந்தக் கலவரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஒரே திகதி என்பதால் ஒன்றின் நினைவு மற்றொன்றின் சண்டைக்குள் இழுக்கப்பட்டது. நினைவு என்பது எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

அந்தக் கல்லெறி அத்தோடு நின்றுவிடவுமில்லை. 2012 டிசம்பரில் சால்ட் லேக் அரங்கில் இதே இரு கழகங்களும் ஆடியபோது, மாடத்திலிருந்து வந்த கல் மோகன் பகானின் செய்யத் ரஹீம் நபியின் முகத்தைத் தாக்கியது. அவரது கன்னத்தெலும்பு முறிந்தது. மோகன் பகான் இரண்டாவது பாதியில் ஆட மறுத்தது. ஆனால் 2024 ஆகஸ்டில் நடந்தது வேறு. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டதை எதிர்த்து நகரமே கொதித்திருந்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 18 அன்று நடக்கவிருந்த டூரண்ட் கிண்ண ஆட்டம் ரத்துச் செய்யப்பட்டது. அன்று மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களும், அவர்களோடு முகம்மதன் ரசிகர்களும் அரங்கின் வெளியே ஒன்றுகூடி நீதி கேட்டார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள். 44 ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் மிதித்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ஒரே தடிக்கு முதுகு கொடுத்தார்கள்.

கூட்டத்தின் மீது பழி போடுவது எல்லா நாட்டிலும் அதிகாரத்துக்கு வசதியானது. 1989 ஏப்ரல் 15இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தோர் தொகை பின்னாளில் 97 ஆயிற்று. குடிகாரர்களால் வந்த வினை என்று பொலிஸ் தரப்புச் சொன்னது. பத்திரிகையொன்று அதை முதற்பக்கத்தில் போட்டது. அந்த ஆண்டே நடந்த விசாரணை பொலிஸாரின் கட்டுப்பாட்டுத் தவறை எடுத்துக்காட்டியும் அவதூறு ஓயவில்லை. பொலிஸ்காரர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பது 2012இல் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. இது சட்டத்துக்கு மாறான கொலை, ரசிகர்கள் மீது தவறில்லை என்று ஜூரிகள் சொன்னது 2016இல். 27 ஆண்டுகள் அந்தத் தாய்மாரும் தகப்பன்மாரும் தங்கள் நினைவை விட்டுக்கொடுக்காமல் நின்றதனால் வந்த தீர்ப்பு அது.

2022 ஒக்டோபர் முதலாம் திகதி இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், கஞ்சுருஹான் அரங்கில் 135 பேர் இறந்தார்கள். எதிரணி ரசிகர்கள் அன்று அரங்கிலேயே இருக்கவில்லை. சொந்த அணி தோற்றதால் சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பொலிஸார் மாடங்களை நோக்கிக் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதிகள் அரங்குக்குள் கண்ணீர்ப்புகையைத் தடைசெய்கின்றன. மூச்சுத்திணறி ஒடுங்கிய வாயில்களில் நெரிந்தவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். அதையும் முதலில் உலகச் செய்திகள் 'ரசிகர் கலவரம்' என்றே சொல்லின.

இனி நமது மலைக்கு வருவோம். இந்த நாட்டில் சிறு தகராறு ஒன்று எப்படிப் பெருந்தீயாகும் என்பதை மலைநாட்டு முஸ்லிம்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கம்பளையில் பெரஹர ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து செல்வது பற்றி எழுந்த வழக்கின் தொடர்ச்சியாகவே 1915 மே மாத இறுதியில் கண்டியில் கலவரம் வெடித்து நாடெங்கும் பரவியது. நூறு ஆண்டுகளுக்குப் பின் 2018இல் தெல்தெனியவில் வாகனச் சாரதி ஒருவர் வீதித் தகராறில் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். நாலு பேர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாகச் சொல்லப்பட்டு, திகனயில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தோட்டத் தமிழர்களோ 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் தாக்குதல்களை உடம்பில் சுமந்தவர்கள். அந்தத் தாக்குதல்களில் எதையும் உதைபந்து தொடக்கி வைக்கவில்லை. ஆனால் மைதானத்தில் விழுந்த கல்லை நினைவுகூரும்போது, பின்னால் வந்த அந்த நெருப்பின் வெளிச்சத்தில்தான் அதைப் பார்க்கிறோம். ஓஃப்சைட் விசிலுக்காக வந்த அடி, நாற்பது வருடம் கழித்துச் சொல்லப்படும்போது இன்ன இனத்தான் இன்ன இனத்தானை அடித்த கதையாக மாறிவிடுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் அடுத்த வாரம் ஒரே அணியில் ஆடியிருந்தால், அந்தப் பகுதி கதையிலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே இந்த நினைவுகளைச் சேகரிக்க வேண்டியது அவசரமான வேலை. கேட்கும் முறையும் முக்கியம். 'யார் யாரை அடித்தார்கள்?' என்று தொடங்கினால் இனம்தான் பதிலாக வரும். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், முதலில் எதைப் பார்த்தீர்கள், எதைப் பிறகு கேள்விப்பட்டீர்கள், பொலிஸ் எப்போது வந்தது, காயப்பட்டவரை யார் தூக்கிச் சென்றார்கள், மறுவாரம் ஆட்டம் நடந்ததா என்று கேட்க வேண்டும். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இவ்வாறு பிரியும். ஹதீஸ் கலையில் செய்தியை மட்டுமல்ல, அதைச் சொன்னவரின் வரிசையையும் ஆராய்ந்த மரபு நம்முடையது. மைதானத்துக் கதைக்கும் ஒரு அறிவிப்பாளர் வரிசை உண்டு.

இந்தச் சாட்சிகள் எல்லாரும் இன்று மலையகத்தில் இல்லை. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர்கள் என்று பிரித்தது. அதன்படி கப்பலேறியவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். ஒரே அணிக்குக் கத்தியவர்களில் ஒருவர் கூடலூரிலும் மற்றவர் பொகவந்தலாவையிலும் இருக்கலாம். இன்று மலையடிவாரத்து நாவலப்பிட்டியின் அப்கண்ட்ரி லயன்ஸ், 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கில் ஆடிய பத்து அணிகளில் ஒன்று. கம்பளையின் கிறிஸ்டல் பேலஸும் தேசிய மட்டத்தில் பெயர் பெற்றது. இந்தக் கழகங்களின் கதையை எழுதுகிறவர்கள் கிண்ணங்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், எல்லைக்கோட்டில் நின்றவர்களையும் அழைத்துப் பேச வேண்டும்.

நமது எழுத்தாளர்களில் யாராவது ஒருவர், தன் ஊர் மைதானத்தில் நின்றுபோன ஒரே ஒரு ஆட்டத்தை எடுத்து, மூன்று சமூகத்தையும் சேர்ந்த மூன்று முதியவர்களிடம் தனித்தனியே கேட்டு எழுதட்டும். மூன்று கதைகளும் வேறுபடும். அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் பதிந்து வைப்போமானால், அடுத்த தலைமுறை கல்லெறிந்தவனின் இனத்தை மட்டும் நம்மிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளாது. காயப்பட்டவனைத் தோளில் தூக்கியவன் யார் என்பதையும் தெரிந்துகொள்ளும்.